பழைய பின்பால் மெஷினுக்குப் புது போர்டு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், இரும்புக் குண்டைத் தட்டி ஸ்கோர் எடுக்கும் பழைய பின்பால் விளையாட்டு மெஷின்களுக்கு ஆர்வலர்களே மாற்று சர்க்யூட் போர்டு செய்து ஓட்டுகிறார்கள் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் மாடிப்படிக்குக் கீழேயும் பழைய கடைகளின் பின்கட்டிலும் இத்தனை மெஷின்கள் தூங்குகின்றன என்பதே சந்தோஷமான செய்தி. எழுதியவர்களில் பலருடைய மெஷின் பிரான்ஸிலிருந்து வந்தது. இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி: எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமானோடு பாலி கம்பெனியின் ‘எய்ட் பால்’ பின்பால் மெஷின் ஒன்றையும் கொண்டுவந்தார். ரொம்ப வருஷம் மூடியே கிடந்தது. இப்போது சுவிட்ச் போட்டால் சில விளக்குகள் எரிகின்றன, ஆட்டம் தொடங்க மறுக்கிறது. தெருவில் டிவி ரிப்பேர் பார்க்கிற தம்பி திறந்து பார்த்துவிட்டு “போர்டு போச்சுண்ணே, புதுசு வாங்கணும்” என்கிறார். எந்த மாற்று போர்டு வாங்கலாம்?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். போர்டு என்பது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் பழையதைக் கெடுத்த அதே கோளாறு புதியதையும் முதல் நாளே கெடுத்துவிடும். வீட்டு ஒயரிங் தீய்ந்து கிடக்கும்போது ஃபிரிட்ஜை மட்டும் மாற்றுவது மாதிரிதான்.

உங்கள் எய்ட் பால் 1977-ல் வந்தது. ரிலேயும் சுழலும் எண் சக்கரங்களுமாக ஓடிக்கொண்டிருந்த பின்பால், சிப் வைத்த போர்டுக்கு மாறிய முதல் வருஷங்கள் அவை, எய்ட் பாலோ அந்தத் தலைமுறையில் இருபதாயிரத்துக்கும் மேல் விற்ற மெஷின். பின்பெட்டியின் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தால் பல போர்டுகள் தெரியும். மூளை போர்டின் எண் ஏ.எஸ்.2518-17. அதில் மோட்டோரோலா 6800 பிராசசர், வெளியுலகத்தோடு பேசுவதற்கு பி.ஐ.ஏ. என்ற சிப் இரண்டு, ஆட்டத்தின் விதிகள் பதிந்த ரோம் சிப்கள், அப்புறம் அதிக ஸ்கோரையும் கணக்குகளையும் மறக்காமல் வைத்துக்கொள்ள 5101 என்ற சின்ன மெமரி, அதற்கு உயிர் கொடுக்க ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. விளக்குகளுக்குத் தனி போர்டு, குண்டைத் தட்டித் தள்ளும் காயில்களுக்குத் தனி போர்டு, டிரான்ஸ்பார்மரோடு சேர்ந்த ரெக்டிஃபையர் போர்டு தனி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: மூளை போர்டுக்கு வேண்டிய 5 வோல்ட்டை மூளை போர்டு தயாரிப்பதில்லை. காயில் ஓட்டும் போர்டில் இருக்கிற ரெகுலேட்டரும் பெரிய கெப்பாசிட்டரும்தான் தயாரிக்கின்றன. நாற்பது வருஷம் தாண்டிய அந்தக் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருந்தால் 5 வோல்ட்டில் அலை அடிக்கும், பிராசசர் குழம்பும், மூளை போர்டு பழுதானது போலவே தெரியும். ஆகவே அந்தத் தம்பியை மறுபடி கூப்பிட்டு, முதலில் ஒவ்வொரு ஃபியூஸையும் கழற்றி மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்தால் போதாது. பிறகு மற்ற போர்டுகளுக்குப் போகும் கனெக்டர்களை எல்லாம் எடுத்துவிட்டு, ரெக்டிஃபையர் போர்டிலிருந்து வரும் வோல்டேஜ்களை மட்டும் அளக்கட்டும். காயில்களுக்கான லைனில் 43 வோல்ட் டி.சி., எண் காட்டும் டிஸ்பிளேக்கான லைனில் 230 வோல்ட் வரை போகும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரன்ட் நிற்கும், ஆகவே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிற பழைய வழக்கத்தை இங்கே விடக்கூடாது.

வோல்டேஜ்கள் சரியென்றால் மூளை போர்டில் இருக்கிற சிவப்பு எல்.இ.டி.-யைப் பாருங்கள். பாலி பொறியாளர்கள் செய்துவைத்த அருமையான ஏற்பாடு அது. சுவிட்ச் போட்டதும் ஒரு சின்ன மினுக்கல், பிறகு ஏழு முறை நிதானமாகச் சிமிட்ட வேண்டும். ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு பகுதி தேறிவிட்டது என்பதற்கு அடையாளம்: முதலாவது ரோம், இரண்டும் மூன்றும் மெமரி சிப்கள், நான்கும் ஐந்தும் இரண்டு பி.ஐ.ஏ.-க்கள், ஆறாவது டிஸ்பிளேக்கான டைமர், ஏழாவது 43 வோல்ட் லைன் மூலம் மின்சாரத்தின் அலையைக் கண்டுகொள்ளும் பகுதி. ஆறோடு நின்றுவிட்டால் போர்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் 43 வோல்ட் வரும் வழியில் ஒரு ஃபியூஸோ கனெக்டரோ போயிருக்கும். மூன்றோடு நின்றால் முதல் பி.ஐ.ஏ.-வைச் சந்தேகியுங்கள். சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால் பிராசசரே ஓடத் தொடங்கவில்லை, அப்போது பேட்டரிக்குப் பக்கத்து ரீசெட் பகுதியைப் பாருங்கள். எத்தனை சிமிட்டல் என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் மெஷினும் பாலிதான். பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு, உப்புக்காற்றால் வந்ததா? துடைத்தால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உப்புக்காற்று கூட்டாளி மட்டும்தான், முதல் குற்றவாளி பேட்டரி. நிக்கல் காட்மியம் பேட்டரி வயதாகி ஒழுகும்போது வருவது காரம், அமிலம் இல்லை. பேக்கிங் சோடா போட்டுத் தேய்க்கச் சொல்லுவார்கள், இங்கே அது உதவாது. காரத்தை அடக்க லேசான அமிலம் வேண்டும்: வீட்டில் ஊறுகாய்க்கு வைத்திருக்கிற வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் போதும்.

முதலில் பேட்டரியை வெட்டி எடுங்கள், இன்றைக்கே. மெஷின் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, பேட்டரி அந்தப் போர்டில் இருக்கக்கூடாது. போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் எல்லாக் கனெக்டர்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டில் இருக்கிற சிப்களை எடுத்து வைத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் வினிகர் தண்ணீரைப் போட்டுத் தேயுங்கள், நுரை அடங்கும்வரை. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி (நம் பக்கத்து உப்புத்தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர்), கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு அலசி, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். மழைக்காலமென்றால் இன்னும் ஒரு நாள்.

உலர்ந்ததும்தான் உண்மை தெரியும். களிம்பு செம்புக் கோடுகளுக்கு மேலே மட்டும் படிந்திருந்தால் உப்புத்தாளால் மெதுவாகச் சுரண்டி, செம்பு பளபளப்பாகத் தெரிந்ததும் ஈயம் பூசிவிடலாம். பச்சைப் பூச்சுக்கு அடியிலேயே புகுந்து கருப்பாக ஓடியிருந்தால் அந்தக் கோடுகளை ஒயர் போட்டு மாற்ற வேண்டும். சிப் சாக்கெட்டுகளின் அடிவரை போயிருந்தால், சிப்பின் கால்களே மக்கி உதிர்ந்தால், ஈயம் எங்குமே ஒட்டாமல் உருண்டு ஓடினால், அப்போது நான் மாற்று போர்டு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அந்த நிலையில் பழையதோடு மல்லுக்கட்டினால் இன்றைக்கு ஓடும், அடுத்த ஐப்பசியில் நிற்கும்.

மாற்று போர்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்: நல்லவற்றில் பேட்டரியே கிடையாது. மின்சாரம் இல்லாமலேயே நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரி சிப் இருக்கிறது. பழைய போர்டைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றால், 5101-ன் இடத்தில் செருகக்கூடிய அதே மாதிரி சின்ன அட்டைகளையும் ஆர்வலர்கள் செய்கிறார்கள், அதைப் போட்டுவிட்டால் போதும்.

கேள்வி: எங்களிடம் உள்ள மெஷினில் ஸ்கோர் எண்கள் சக்கரமாகச் சுற்றுகின்றன. உள்ளே போர்டே தெரியவில்லை, ஒயரும் ரிலேயும்தான். இதற்கு எந்தப் போர்டு பொருந்தும்?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: எதுவும் வேண்டாம். உங்களுடையது போர்டு வருவதற்கு முந்தைய காலத்து எலக்ட்ரோமெக்கானிக்கல் மெஷின். ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு வைத்து இவற்றையும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சக்கரம் சுற்றும் சத்தமும் ரிலே தட்டும் சத்தமும்தான் அந்த ஆட்டம், அதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? ரிலே முனைகளைச் சுத்தம் செய்து, வளைந்த பிளேடுகளை நேராக்கி, படிப்படியாக நகரும் யூனிட்களில் கெட்டியான பழைய கிரீஸைத் துடைத்து எடுத்தாலே முக்கால்வாசி ஓடிவிடும். ஒரு எச்சரிக்கை: இந்த வகையின் முனைகளை மெல்லிய அரம் கொண்டு தேய்க்கலாம். சிப் வைத்த மெஷின்களின் பெரும்பாலான சுவிட்சுகளில் தங்க முலாம் இருக்கும், அங்கே அரம் படவே கூடாது. இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து இழுத்தால் போதும்.

கேள்வி: என்னிடம் இருப்பது காட்லீப் கம்பெனியின் ‘ஜீனி’ பின்பால் மெஷின். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து மெஷினின் அடிப்பெட்டி நனைந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் இந்தப் போர்டின் சிப் உலகத்திலேயே கிடைக்காது என்று கைவிரிக்கிறார்கள். உண்மையா?
– வாசகர், லாசுப்பேட்டை

பதில்: சிப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய உண்மை, கைவிரிப்பதுதான் தேவையில்லை. ஜீனி 1979-ல் வந்தது, காட்லீபின் ‘சிஸ்டம் 1’ வகை. 1977-ல் கிளியோபாட்ரா தொடங்கி 1980 வரை இந்த வகையில் மொத்தம் 16 ஆட்டங்கள் வந்தன. பாலியும் வில்லியம்ஸ் கம்பெனியும் கடையில் யாரும் வாங்கக்கூடிய 6800 வகையைப் பயன்படுத்தியபோது, காட்லீப் ராக்வெல் நிறுவனத்திடம் போனது. ராக்வெல் கொடுத்தது நான்கு பிட் பிராசசரும், அதைச் சுற்றி நிரலும் உள்ளேயே பதிந்த பிரத்யேக சிப்களும். நாலா பக்கமும் கால் விரித்து உட்கார்ந்திருப்பதால் ஆர்வலர்கள் அவற்றை ‘ஸ்பைடர்’ என்கிறார்கள். செத்துப்போனால் இன்னொரு செத்த போர்டிலிருந்து பிடுங்கிப் போடுவதுதான் வழி, புதிதாக யாரும் செய்வதில்லை.

இந்த நெருக்கடியிலிருந்துதான் ஆர்வலர்களின் மாற்று போர்டு வேலை பெரிதாக வளர்ந்தது, அதில் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் பெரிய பங்கு உண்டு. 16 ஆட்டங்களையும் ஒரே போர்டில் அடக்கி, சின்ன சுவிட்சுகளால் உங்கள் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் மாற்று போர்டுகள் பிரான்ஸிலிருந்தே கிடைக்கின்றன. உறவுக்காரர்கள் அங்கே இருந்தால் அவர்கள் வருகிறபோது வாங்கிவரச் சொல்லலாம். இன்னொரு வழி ‘லிசி’ என்ற திறந்த மூலத் திட்டம்: ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, அதில் பின்மேம் என்ற எமுலேட்டர், காட்லீபின் கனெக்டர்களுக்குப் பொருந்தும் போர்டு. அந்தப் பழைய ராக்வெல் சிப்களின் நடத்தையை மென்பொருளில் அப்படியே நடிக்க வைத்து, விளக்கையும் காயிலையும் நிஜமாக ஓட்டுகிறார்கள். சிஸ்டம் 1-க்கும் அடுத்து வந்த சிஸ்டம் 80-க்கும் இது இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலை மூடி மறைத்துச் செய்ததை, சம்பளமில்லாமல் யாரோ உட்கார்ந்து படித்து, வரைந்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை முறை நினைத்தாலும் மனசு நிறைகிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் தண்ணீர் எங்கே பட்டது என்பதுதான் முக்கியம். காட்லீபில் டிரான்ஸ்பார்மர் அடிப்பெட்டியில்தான் இருக்கிறது, மூளை போர்டு மேலே. ஆகவே உங்கள் போர்டு நனையவே இல்லாமல் இருக்கலாம். டிரான்ஸ்பார்மரை நன்றாகக் காயவிட்டு, சுற்றுகளுக்கும் அதன் இரும்புக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று மோட்டார் வைண்டிங் செய்கிறவரிடம் கொடுத்து மெக்கர் என்ற கசிவு மீட்டர் வைத்துப் பாருங்கள். அப்புறம் போர்டுகளின் கிரவுண்டு. சிஸ்டம் 1, சிஸ்டம் 80 இரண்டுக்கும் இதுதான் பெரிய பலவீனம்: போர்டின் ஓரத்தில் இருக்கிற விரல் போன்ற பட்டைகளில் கனெக்டர் செருகப்படுகிறது, அந்த வழியாகத்தான் கிரவுண்டும் போகிறது. உப்பு படிந்து கிரவுண்டு விட்டுப்போனால் காயில்கள் தானாக இழுத்துக்கொண்டு எரியும். பவர் சப்ளை, மூளை, காயில் ஓட்டும் டிரைவர் ஆகிய மூன்று போர்டுகளின் கிரவுண்டையும் தடித்த ஒயரால் நேரடியாக இணைத்துவிடுங்கள். பழைய போர்டோ புதியதோ, இதைச் செய்யாமல் சுவிட்ச் போடாதீர்கள்.

கேள்வி: நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். கடைசி வருஷ புராஜெக்டுக்கு நானே ஒரு பின்பால் கன்ட்ரோல் போர்டு வடிவமைக்கலாம் என்று ஆசை. ஆர்டுயினோ, ராஸ்பெரி பை இரண்டும் பழக்கம். எங்கிருந்து தொடங்குவது? சார் “இதில் என்ன புதுசு இருக்கிறது” என்று கேட்கிறார், அவருக்கு என்ன சொல்வது?
– வாசகர், கடலூர்

பதில்: சாரிடம் இப்படிச் சொல்லுங்கள் தம்பி: உண்மையான மெஷினில் உண்மையான நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டிய கட்டுப்பாட்டு அமைப்பு இது, தப்பினால் காயில் எரிந்து புகை வரும். எல்.இ.டி. மினுக்குகிற புராஜெக்டில் அந்தப் பயம் கிடையாது, ஆகவே அந்தப் படிப்பும் கிடையாது.

நீ சமாளிக்க வேண்டியவை இவை. சுவிட்சுகள் ஒவ்வொன்றும் தனி ஒயரில் வராது, வரிசையும் நெடுவரிசையுமாக ஒரு வலையில் வரும். ஒரு வரிசைக்குக் கரன்ட் கொடுத்து எந்த நெடுவரிசை பதில் சொல்கிறது என்று பார்த்து, அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். குண்டு ஒரு சுவிட்சைத் தொட்டுவிட்டுப் போகும் நேரம் கண்ணிமைப்பதைவிடக் குறைவு, அதற்குள் எல்லா வரிசையையும் சுற்றி வந்திருக்க வேண்டும், அதே சமயம் பிளேடு அதிர்வதை இரண்டு அடியாக எண்ணவும் கூடாது. விளக்குகள் பாலியில் இன்னும் சுவாரஸ்யம். ஒவ்வொரு விளக்குக்கும் எஸ்.சி.ஆர். என்ற மின்னணு சுவிட்ச் ஒன்று இருக்கிறது, அது ஒரு முறை திறந்தால் கரன்ட் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை மூடாது. விளக்குக்கு வரும் மின்சாரத்தை வேண்டுமென்றே கெப்பாசிட்டர் போட்டுச் சமன்படுத்தாமல் விட்டிருப்பார்கள். அது ஒவ்வொரு அலையிலும் பூஜ்யத்தைத் தொடும்போது எல்லா விளக்கும் தானாக அணையும், உடனே பிராசசர் வேண்டியதை மறுபடி ஏற்றும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் இது வினாடிக்கு 120 முறை, நம் 50 ஹெர்ட்ஸில் 100 முறை. உன் நிரல் 120-ஐ நம்பி எழுதப்பட்டிருந்தால் இங்கே எல்லா நேரக் கணக்கும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்துவிடும், அதைக் கவனி.

வோல்டேஜும் ஒத்துப்போக வேண்டும். பழைய போர்டுகள் 5 வோல்ட்டில் பேசும், ராஸ்பெரி பை 3.3 வோல்ட்டில், நேராக இணைத்தால் பை அதோடு சரி. நடுவில் லெவல் ஷிஃப்டர் கட்டாயம். ஆர்டுயினோ டியூவும் 3.3 வோல்ட்தான், மெகாவும் ஊனோவும் 5 வோல்ட்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிரல் தொங்கிப்போனால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே யோசி. காயில்கள் ஒரு கண நேரம் இழுப்பதற்காகச் சுற்றப்பட்டவை, தொடர்ந்து கரன்ட் போனால் வெந்துபோகும். வில்லியம்ஸ் போர்டுகளில் பிளாங்கிங் என்று ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது: பிராசசர் இடைவிடாமல் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று துடிப்பு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் காயில்கள் எல்லாம் துண்டிக்கப்படும். உன் போர்டில் விளக்கு எரியாமல் போகலாம், ஆனால் அந்தக் காவல் இல்லாமல் அதை மெஷினில் மாட்டாதே.

தொடங்குவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பாலி மூளை போர்டில் சோதனைக்கென்று பிராசசரின் லைன்களை வெளியே கொண்டுவந்த ஒரு கனெக்டர் இருக்கிறது. அதில் ஓர் ஆர்டுயினோவைச் செருகி, 6800-ஐ நிறுத்தி வைத்துவிட்டு, பழைய பி.ஐ.ஏ.-க்கள் மூலமாகவே விளக்கையும் காயிலையும் ஓட்டி, ஆட்டத்துக்குப் புதிய விதிகளை எழுதுகிற திறந்த மூலத் திட்டம் ஒன்று நடக்கிறது. பழைய போர்டில் எதையும் வெட்ட வேண்டியதில்லை, அட்டையைப் பிடுங்கினால் பழைய ஆட்டம் திரும்பிவிடும். அதைப் படித்துப் பழகிவிட்டு, அடுத்து வில்லியம்ஸ் மெஷின்களுக்கு டியூவை வைத்துச் செய்த ஏ.பி.சி. என்கிற ஆர்டுயினோ பின்பால் கன்ட்ரோலரின் சர்க்யூட்டைப் பார். முழு போர்டையும் எப்படி மாற்றினார்கள் என்பது அதில் தெரியும். விதிகளைப் பைத்தானில் எழுத வேண்டுமென்றால் மிஷன் பின்பால் ஃபிரேம்வொர்க் இருக்கிறது. போர்டை வரைய கிகேட் என்ற மென்பொருள் போதும், பாகங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். முழு மெஷின் கிடைக்கவில்லையென்றால் பலகையில் நாலு சுவிட்ச், நாலு விளக்கு, ஒரு காயில் வைத்துத் தொடங்கு, காயிலுக்குச் சரியான அளவு ஃபியூஸோடு.

கேள்வி: நான் மிக்ஸி, ஸ்டெபிலைசர் சர்வீஸ் செய்கிறவன். ஒரு கஸ்டமரின் பாலி மெஷினில் குண்டைத் தள்ளும் ஒரு காயிலின் டிரான்சிஸ்டர் மாற்ற மாற்றப் போகிறது. அவர் வெளிநாட்டிலிருந்து புது டிரைவர் போர்டே வாங்கிப் போட்டார், அதிலும் அதே டிரான்சிஸ்டர் முதல் நாளே போய்விட்டது. போர்டு மட்டமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: போர்டு மட்டமில்லை அண்ணே, கோளாறு கீழே ஆட்டப் பலகையின் அடியில் இருக்கிறது. காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு டயோடு இருக்கும், 1என்4004. காயிலை அணைக்கும்போது திரும்பி அடிக்கும் வோல்டேஜை விழுங்குவது அதன் வேலை. குண்டு அடிக்கும் அதிர்ச்சியில் அதன் கால் உடைந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தெரியும். ஒரு காலைக் கழற்றிவிட்டு மீட்டரில் பாருங்கள், அல்லது யோசிக்காமல் புதியது போடுங்கள், பட்டை இருக்கிற முனை பாசிட்டிவ் வரும் பக்கம். அப்படியே காயிலின் ஓமையும் அளந்துவிடுங்கள். 2 ஓமுக்கும் கீழே காட்டினால் உள்ளே சுற்று வெந்து ஒட்டியிருக்கிறது, எந்த டிரான்சிஸ்டரும் தாங்காது. பிளாஸ்டிக் குழாய் உருகி உள்ளே கம்பி சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய டிரான்சிஸ்டருக்குப் பதில் டிப் 102 போடலாம். அதை ஓட்டுகிற சி.ஏ.3081 என்ற சிப்பும் சில நேரம் கூடவே போயிருக்கும். சுவிட்ச் போட்ட உடனே காயில் இழுத்துக்கொண்டு நின்றால் டிரான்சிஸ்டர் ஷார்ட், ஆட்டம் தொடங்கிய பிறகு திரும்பத் திரும்ப அடித்தால் அந்த இடத்துச் சுவிட்ச் ஒட்டியிருக்கிறது, இரண்டும் வேறு வேறு. அடியில் காயில்களுக்கென்று 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் பல பாலி மெஷின்களில் உண்டு. யாராவது அங்கே தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் முதலில் அதை எடுத்தெறியுங்கள். உங்களைப் போலக் கைத்தொழில் தெரிந்தவர்கள் இந்த வேலைக்கு வருவது ரொம்ப நல்லது, சர்க்யூட் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

கேள்வி: டூமா வீதியில் விருந்தினர் இல்லம் வைத்திருக்கிறோம். அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம்ஸ் மெஷின் ஒன்று வாங்கும் யோசனை. 115 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. விற்பவர், மூளைக்கும் டிரைவருக்கும் பதிலாக ஒரே புது போர்டு போட்டிருப்பதாகவும் பழைய போர்டுகள் குப்பைக்குப் போய்விட்டதாகவும் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: வோல்டேஜ் பெரிய தடையில்லை. அந்தக் காலத்து டிரான்ஸ்பார்மர்கள் பெரும்பாலானவற்றில் 230 வோல்ட்டுக்கான இணைப்பும் இருக்கும், தெரிந்தவர் ஒயரை மாற்றிப் போட்டு, மெயின் ஃபியூஸையும் அந்த வோல்டேஜுக்கு எழுதியிருக்கிற அளவுக்குக் குறைத்துவிடலாம். இல்லாவிட்டால் 500 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போதும். பழைய வீடென்றால் அந்த பிளக்கில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். விருந்தினர்கள் வெறுங்காலோடு நின்று இரும்பு ஓரத்தைப் பிடித்து ஆடுவார்கள்.

ஒரே போர்டு போட்டது நல்ல காரியமே. 1977 முதல் 80-களின் முதல் பாதி வரை வந்த வில்லியம்ஸ் மெஷின்களில் மூளைக்கும் டிரைவருக்கும் நடுவே 40 பின் கனெக்டர் ஒன்று உண்டு, அந்த மெஷின்களின் தீராத தலைவலி அது. இரண்டையும் ஒன்றாக்கிய மாற்று போர்டில் அந்தக் கனெக்டரே இல்லை. ஆனால் பழையதைக் குப்பையில் போட்டது தவறு, அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேளுங்கள். பழைய போர்டு எப்போதும் மெஷினோடுதான் போக வேண்டும், செத்ததாக இருந்தாலும். அடுத்த தலைமுறையில் யாராவது அதை எழுப்புவார்கள், அல்லது அதிலிருந்து ஒரு சிப் இன்னொரு மெஷினைக் காப்பாற்றும்.

வாங்குவதற்கு முன் ஆடிப் பாருங்கள், அரை மணி நேரமாவது. சூடேறிய பிறகுதான் கனெக்டர் கோளாறு தலைகாட்டும். ஆட்டம் நடுவில் நின்று திரும்பத் தொடங்கினால், பின்பெட்டியில் ஒவ்வொரு கனெக்டரையும் லேசாக ஆட்டச் சொல்லிப் பாருங்கள், கருகிய பிளாஸ்டிக் எங்காவது தெரிகிறதா என்றும். கனெக்டரின் பின்களைப் புதிதாகக் கிரிம்ப் செய்ய ஆகும் செலவு குறைவு, ஆனால் பொறுமை வேண்டும்.

கேள்வி: பாலி மெஷினில் பழைய குமிழ் பல்புகளுக்குப் பதில் எல்.இ.டி. போட்டேன். எரிகிறது, ஆனால் சில மட்டும் நடுங்குகின்றன. விளக்கு போர்டையும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: வேண்டாம். மேலே மாணவர் தம்பிக்குச் சொன்ன எஸ்.சி.ஆர்.தான் காரணம். திறந்த நிலையில் நிற்க அதற்குக் குறைந்தபட்சக் கரன்ட் ஓட வேண்டும், பழைய பல்பு தாராளமாக இழுத்தது, எல்.இ.டி. இழுப்பது போதவில்லை, ஆகவே அது நடுவிலேயே மூடிக்கொள்கிறது. நடுங்குகிற விளக்கின் சாக்கெட்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டர், 470 ஓம் அளவில், ஈயம் வைத்தால் நின்றுவிடும். எல்லா இடத்திலும் வைக்க நேரமில்லையென்றால் அதற்கென்றே ஆர்வலர்கள் செய்த அட்டை இருக்கிறது, விளக்கு போர்டுக்கும் ஒயருக்கும் நடுவே செருகுவது. அதுவும் பிடிக்கவில்லையென்றால் நடுங்குகிற இடங்களில் மட்டும் பழைய பல்பையே திரும்பப் போடுங்கள். 44-க்குப் பதில் 47 எண் பல்பு கிடைத்தால் இன்னும் நல்லது, குறைவான கரன்ட், குறைவான சூடு, ஆட்டப் பலகையின் பெயின்டும் பிழைக்கும்.